100 கிராம் ஈயம் எவ்வளவு தூரம் போகும்? கரைவீச்சில் தூரத்தைத் தீர்மானிப்பது எது?

அரிச்சல்முனை
தனுஷ்கோடி சாலையோரக் கரையிலிருந்து வீசும் தூண்டில் பற்றிய கேள்வி. 3.6 மீட்டர் ராடு, 6000 அளவு ஸ்பின்னிங் ரீல், 0.40 மி.மீ. தங்கூஸ் (நைலான் நரம்பு), 100 கிராம் உருண்டை ஈயம். ஒரே ஆள், ஒரே ராடு. ஒரு வீச்சு 80 மீட்டர், அடுத்தது 70, இரை மாட்டினால் 60 மீட்டர்தான். பிளஸ் ஒன் பாடத்தில் 45 டிகிரியில் எறிந்தால் அதிகத் தூரம் என்று இருக்கிறது. கோணத்தைச் சரி செய்தால் போதுமா, ராடை மாற்ற வேண்டுமா, ஈயத்தின் கனத்தைக் கூட்ட வேண்டுமா? எதற்கு முதலில் காசு செலவழிக்கலாம்?

மண்டபம் இயற்பியல்
காசு கடைசியில் பார்க்கலாம் தம்பி. கணக்கிலிருந்து தொடங்குவோம்.

காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், எறிந்த மட்டத்திலேயே வந்து விழும் பொருளின் வீச்சு இப்படி வரும்: வேகத்தின் வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, கோணத்தின் இரு மடங்குக்கு சைன் எடுத்து அதனால் பெருக்க வேண்டும். இதில் எடை எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்கவும். எடை எப்படி உள்ளே வருகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் 45 டிகிரியில் எறிந்தால் 41 மீட்டர். 30 மீட்டர் வேகத்துக்கு 92 மீட்டர். 40 மீட்டர் வேகத்துக்கு 163 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் தூரம் நான்கு மடங்கு. வேகம் வெறும் 10 சதவீதம் கூடினாலே தூரம் 21 சதவீதம் கூடும்.

இப்போது கோணம். 45 டிகிரியில் கிடைப்பது 100 என்றால் 40-லும் 50-லும் கிடைப்பது 98.5. 35 டிகிரியில் 94. 30 டிகிரிக்குப் போனால்தான் 87-க்கு இறங்குகிறது. உச்சியில் வளைவு தட்டையாக இருப்பதால், 5 டிகிரி பிசகினால் போவது ஒன்றரை சதவீதம்தான். வேகத்தில் 5 சதவீதம் பிசகினாலோ தூரத்தில் 10 சதவீதம் போய்விடும். எல்லோரும் கோணத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள். தேட வேண்டியது வேகத்தை.

45 டிகிரி என்பதை டார்ட்டாக்லியா 1537-லேயே எழுதிவிட்டார். பாதை பரவளையம் என்று கலிலியோ நிறுவிக் காட்டி அச்சிட்டது 1638-ல். அவர்கள் எழுதியது பீரங்கிக் குண்டைப் பற்றி. அதன் பின்னால் நரம்பும் கிடையாது, இறாலும் கிடையாது. நம் வேலை அங்கேதான் இருக்கிறது.

தொண்டிக்கரை
அண்ணன் சொல்ற வேகம் எங்கேருந்து வருதுன்னு நான் சொல்றேன். தோள் பலம்னு நினைச்சா தப்பு. ராடு வளையணும், வளைஞ்சது நிமிரணும், நிமிர்ற நேரத்துல நரம்பை விடணும்.

ராடு அடியில எழுதியிருக்கிற எடையை முதல்ல படிங்க. 80–150 கிராம்னு போட்டிருந்தா 100 கிராம் சரி. 50 கிராம் மாட்டினா ராடு வளையவே வளையாது, வெறும் கம்பால வீசுற மாதிரிதான். 200 மாட்டினா வளைஞ்சது நிமிர்றதுக்கு முன்னாடியே வீச்சு முடிஞ்சிடும், ராடும் வெடிக்கும்.

அடுத்தது தொங்கல். ராடு நுனியிலிருந்து ஈயம் வரைக்கும் தொங்குற நரம்பு. நிறைய பேர் ஒரு சாண் விட்டு வீசுறாங்க. 3.6 மீட்டர் ராடுக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் வரைக்கும் விடலாம். ஈயம் சுத்துற வட்டம் பெரிசாகும், வேகம் கூடும். பின்னாடி மணல்ல ஈயம் தட்டாத அளவு பாத்துக்கணும்.

மூணாவது இடது கை. வலது கையால தள்ளுறதோட, இடது கை அடிப்பிடியை நெஞ்சுக்கு இழுக்கணும். ரெண்டு கைக்கும் நடுவுல ராடு நெம்புகோல் மாதிரி திரும்பும். இழுக்காம தள்ள மட்டும் செஞ்சா பாதி வேகம்தான். மெதுவா ஆரம்பிச்சு கடைசியில வெட்டணும். ஆரம்பத்துலயே முழு பலத்தையும் போட்டா ராடு சீக்கிரமே வளைஞ்சு சீக்கிரமே நிமிர்ந்துடும், விடுற நேரத்துல அதுல ஒண்ணும் மிச்சமிருக்காது.

மண்டபம் இயற்பியல்
சரியாகச் சொன்னீர்கள். விடும் நேரத்துக்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். ராடு நுனி நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், 3 மீட்டர் ஆரமுள்ள வளைவில் வருகிறது என்றால், நொடியில் நூறில் ஒரு பங்கு தாமதத்துக்குக் கோணம் ஏறத்தாழ 6 டிகிரி மாறும். விரலிலிருந்து நரம்பு வழுக்குவதில் அவ்வளவு தாமதம் எளிதாக வந்துவிடும். முன்கூட்டி விட்டால் வானத்துக்கு ஏறும், பிந்தினால் முன்னால் குத்தும்.

அரிச்சல்முனை தம்பி, ஒரு தகவல் வேண்டும். விரலை விட்ட நொடியிலிருந்து ஈயம் தண்ணீரில் விழும் வரை எத்தனை நொடி? கைப்பேசியில் காணொளி எடுத்துப் பார்த்தால் பத்தில் ஒரு நொடி வரை துல்லியமாகத் தெரியும். தூரத்தை எப்படி அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அரிச்சல்முனை
தூரம்: ரீல் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் எத்தனை சென்டிமீட்டர் நரம்பு ஏறுகிறது என்று தரையில் டேப் வைத்துப் பார்த்து, விழுந்தவுடன் தொய்வை எடுத்துவிட்டுச் சுற்றுகளை எண்ணியது.

நேரம், காணொளியில் பார்த்தபடி:
ஈயம் மட்டும், 80 மீட்டர் போனது: 4.2 நொடி.
ஈயம் மட்டும், 70 மீட்டர்: 3.0 நொடி.
ஈயமும் இரையும், 60 மீட்டர்: 3.6 நொடி.
மூன்றும் காற்று அடங்கியிருந்த காலை நேரம்.

மண்டபம் இயற்பியல்
அருமை. இந்த இரண்டு எண்ணும் இருந்தால் வீச்சைப் பிரித்துப் பார்த்துவிடலாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம்:

தூரத்தை நேரத்தால் வகுத்தால் கிடை வேகம். நேரத்தை 9.78-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் மேல்நோக்கிய வேகம். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் எறிவேகம். மேல் வேகத்தைக் கிடை வேகத்தால் வகுத்தால் கோணத்தின் டேன்ஜென்ட்.

முதல் வீச்சு: கிடை வேகம் 19, மேல் வேகம் 20.5. எறிவேகம் 28, கோணம் 47 டிகிரி.
இரண்டாவது: கிடை 23.3, மேல் 14.7. எறிவேகம் 27.6, கோணம் 32 டிகிரி.
மூன்றாவது: கிடை 16.7, மேல் 17.6. எறிவேகம் 24.3, கோணம் ஏறத்தாழ 47.

பாருங்கள். முதல் இரண்டிலும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றே. 10 மீட்டர் குறைந்தது கோணத்தால், அதாவது விரல் பிந்தியதால். மூன்றாவதில் கோணம் நன்றாக இருக்கிறது, வேகம் போய்விட்டது. காற்றைக் கணக்கில் சேர்க்காத சூத்திரம் என்பதால் விடும் நொடியின் உண்மை வேகம் இவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனாலும் வீச்சுகளை ஒப்பிட இது போதும்.

9.78 ஏன் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரம் 9 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் இங்கே ஈர்ப்பு முடுக்கம் அவ்வளவுதான். துருவத்தில் 9.83. அங்கே வீசுவதைவிட இங்கே 100 மீட்டருக்கு அரை மீட்டர் கூடுதலாகப் போகும்.

பாம்பன் ரீல்
மூன்றாவது வீச்சில் கையின் வேகம் குறையவில்லை என்பது என் கணிப்பு. அதே ஆள் அதே ராடு. வேகத்தை இரைதான் தின்றிருக்கிறது. என்ன இரை, எப்படி மாட்டினீர்கள்?

அரிச்சல்முனை
பாதி மத்தி. ஈயத்துக்கு மேலே ஒரு முழம் கிளை நரம்பில் முள் தொங்கும்.

மண்டபம் இயற்பியல்
அப்படியென்றால் பாம்பன் அண்ணன் சொல்வது சரி. எடை இங்கேதான் உள்ளே வருகிறது.

காற்றின் எதிர்ப்பு விசை என்பது காற்றின் அடர்த்தி, முகப்புப் பரப்பு, வடிவக் குணகம், வேகத்தின் வர்க்கம் நான்கையும் பெருக்கியதில் பாதி. 100 கிராம் உருண்டை ஈயத்தின் விட்டம் 2.6 செ.மீ., முகப்புப் பரப்பு 5 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே. உருண்டைக்கு வடிவக் குணகம் சுமார் 0.47. நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எதிர்ப்பு 0.13 நியூட்டன் வருகிறது. ஈயத்தின் எடை 0.98 நியூட்டன். அதாவது எடையில் 13 சதவீதம். தாங்கிக்கொள்ளலாம்.

அதே 100 கிராமுக்கு ஒரு கல்லை எடுத்தால் விட்டம் 4.2 செ.மீ. ஆகிவிடும், எதிர்ப்பு எடையில் 35 சதவீதம். ஈயத்தைப் பயன்படுத்துவதன் காரணம் இதுதான்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம். சின்ன உடம்பில் பெரிய எடை.

இப்போது மத்தித் துண்டு. 3 செ.மீ.க்கு 2 செ.மீ. பரப்பு காற்றுக்குக் குறுக்கே நின்று படபடத்துக்கொண்டு போகிறது என்று வைப்போம். தட்டையான பொருளுக்கு வடிவக் குணகம் 1-ஐ ஒட்டி வரும். அதே வேகத்தில் எதிர்ப்பு 0.32 நியூட்டன். ஈயத்தின் எதிர்ப்பைப்போல் இரண்டரை மடங்கு, அந்தச் சின்னத் துண்டுக்கு! 60 மீட்டர் என்பதில் வியப்பே இல்லை.

தொண்டிக்கரை
இதுக்கு வழி இருக்கு. இரைக் கிளிப் மாட்டுங்க. ஈயத்துக்கு நேர் மேல ஒரு சின்ன கம்பிக் கொக்கி. முள்ளை அதுல மாட்டி இழுத்து வச்சா இரை ஈயத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகும், ஈயம் காத்தைப் பிளந்த பாதையில. தண்ணியில அடிச்சதும் தொய்வு வந்து முள் தானா கழண்டுக்கும். கிளை நரம்பு நீளம் சரியா இருக்கணும். தொய்வா இருந்தா பறக்கும்போதே கழண்டுடும், இறுக்கமா இருந்தா தண்ணியிலயும் கழலாது, நீங்க ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருப்பீங்க.

மத்தியை இலாஸ்டிக் நூல்ல பத்து சுத்து சுத்துங்க. இல்லன்னா இரை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். தூர வீச்சுக்கு கணவாய் கீத்து நல்லது, மெல்லிசா நீளமா வெட்டி நுனியை முள்ளுல கோத்தா பிய்யாது.

உருண்டை ஈயத்தையும் மாத்துங்க. பாட்டில் வடிவம், பம்பர வடிவம்னு இருக்கு. கனமான பக்கம் முன்னாடி, மெலிஞ்ச வால் பின்னாடி. ஆடாம போகும். மணல்ல பிடிக்கிற கம்பிக்கால் ஈயம் ஓட்டம் இருக்கிற இடத்துல மட்டும் போதும், அந்த நாலு கம்பியும் காத்தைப் பிடிக்கும்.

அரிச்சல்முனை
ஈயத்தை 150 ஆக்கினால்?

மண்டபம் இயற்பியல்
ஒரே வடிவத்தில் பெரிதாக்கினால் எடை விட்டத்தின் மும்மடிப்படி கூடும், பரப்பு இருமடிப்படிதான் கூடும். அதனால் காற்றுப் பங்கு குறையும். 25 கிராம் உருண்டையில் 30 மீட்டர் வேகத்தில் எதிர்ப்பு எடையில் 21 சதவீதம், 100 கிராமில் 13. ஆனால் 150-ஐ அதே கை அதே வேகத்தில் எறிய முடியாதே! வேகத்தில் 6 சதவீதம் போனால் தூரத்தில் 12 சதவீதம் போகும். காற்றில் மிச்சம் பிடித்ததைவிட அது அதிகம். ஒவ்வொரு ராடுக்கும் ஆளுக்கும் ஓர் எடையில் உச்சம் வரும். 80, 100, 120, 150 நான்கையும் ஐந்தைந்து முறை வீசி அளந்தால் தெரிந்துவிடும். நல்ல ஒரு வீச்சை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் ஐந்தின் சராசரியைப் பாருங்கள்.

பாம்பன் ரீல்
எல்லோரும் ஈயத்தையே பேசுகிறீர்கள். நரம்பைப் பாருங்கள். 0.40 தங்கூஸ் 100 மீட்டர் 14 கிராம் எடை. 0.28 எடுத்தால் 7 கிராம். 0.20 என்றால் மூன்றரை கிராம். இந்த நரம்பு ரீலில் சும்மா இருந்தது. அதை ஈயம்தான் இழுத்து ஓட வைக்க வேண்டும். 80 மீட்டர் போகும்போது 100 கிராம் ஈயம் 11 கிராமுக்கு மேல் நரம்பைச் சுமக்கிறது. போதாததற்கு ஸ்பூல் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) விளிம்பில் உரசல், ராடின் ஒவ்வொரு வளையத்திலும் உரசல்.

ஸ்பூலில் நரம்பு விளிம்புக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரம்பியிருக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் ஒவ்வொரு சுருளும் விளிம்பில் ஏறி இறங்கும். மீட்டர் மீட்டராகத் தூரம் குறையும். விளிம்பு வரை நிரப்பினால் ஒரே நேரத்தில் நாலு சுருள் எழும்பிச் சிக்கு விழும். பழைய தங்கூஸ் சுருள் சுருளாகவே நின்று வளையத்தை அடைக்கும். ஒரு முனையைக் கட்டி 50 மீட்டர் நடந்து இழுத்துப் பிடித்தால் நிமிரும். நிமிரவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

அரிச்சல்முனை தம்பி முதலில் காசு போட வேண்டியது இங்கே: 0.28 தங்கூஸ், முன்னால் ஈயத்தை ஒட்டி 0.60-இல் தடித்த அடி நரம்பு. ராடு வேண்டாம்.

தொண்டிக்கரை
பிரெய்டு, அதான் பின்னின நரம்பு, ஏன் சொல்லல?

பாம்பன் ரீல்
பிரெய்டு தூரம் போகும், மறுக்கவில்லை. மெல்லியது, சுருள் நினைவு கிடையாது. ஆனால் தனுஷ்கோடிக் காற்றில் தொய்வாகச் சுற்றினால் அடுத்த வீச்சில் கொத்தாக வெளியே வந்து முடிச்சு விழும். பிரிக்க முடியாது, வெட்டத்தான் வேண்டும். ஒவ்வொரு முறையும் விரலிடுக்கில் இறுக்கிப் பிடித்துச் சுற்றத் தெரிந்தவர்களுக்குச் சரி. இன்னொன்று, ஈரப் பிரெய்டில் மணல் ஒட்டினால் வளையத்தை அறுக்கும், விரலையும் அறுக்கும். பழகும் வரை தங்கூஸ்.

தொண்டிக்கரை
விரல் உறை போட்டா விரல் பிரச்சினை இல்ல. மத்தது சரி, ஒத்துக்கறேன்.

முகுந்தராயர்சத்திரம்
காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊரில் அதுதானே பாதி. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்திய ஊர் இது.

தனுஷ்கோடி மணல்திட்டு தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் வடகடல், மறுபக்கம் தென்கடல். கச்சான் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வரும். அப்போது வடகடல் பக்கம் திரும்பி வீசினால் காற்று முதுகில் இருக்கும். வாடைக் காலத்தில் நேர் எதிர், தென்கடல் பக்கம். சாலையைக் கடந்தால் போதும். பெரும்பாலான கரைகளில் இந்த வசதி கிடையாது.

மண்டபம் இயற்பியல்
மிக நல்ல குறிப்பு. எண்ணில் சொன்னால்: நொடிக்கு 8 மீட்டர் காற்று, மணிக்கு 29 கி.மீ. ஈயம் 30 மீட்டர் வேகத்தில் 45 டிகிரியில் கிளம்பும்போது, முதுகுக் காற்றில் அது உணரும் காற்று வேகம் 25. எதிர்க்காற்றில் 36. எதிர்ப்பு வர்க்கப்படி கூடுவதால் இரண்டுக்கும் இரு மடங்குக்கு மேல் வித்தியாசம். எதிர்க்காற்றில் கோணத்தை 30–35-க்கு இறக்குங்கள், காற்றில் இருக்கும் நேரம் குறையட்டும். முதுகுக் காற்றில் 45-ஐத் தாண்டியும் போகலாம்.

பக்கக் காற்றுதான் மோசம், அதற்குக் காரணம் ஈயம் அல்ல. 0.40 நரம்பு 100 மீட்டர் நீண்டு கிடந்தால் பக்கவாட்டில் அதன் பரப்பு 400 சதுர செ.மீ. ஈயத்தின் பரப்பு ஐந்து! அதே 8 மீட்டர் காற்று நேர்குறுக்காக அடித்தால் அந்த நரம்பின் மேல் மட்டும் ஒன்றரை நியூட்டனுக்கு மேல் விசை, ஈயத்தின் எடையைவிட அதிகம். நரம்பு வில்லாக வளைந்து ரீலிலிருந்து இன்னும் இன்னும் உருவும். அப்போது சுற்றுகளை எண்ணி 90 மீட்டர் என்று எழுதினால் ஈயம் 70-ல்தான் கிடக்கும். மெல்லிய நரம்பு வேண்டும் என்பதற்கு இதுவே பெரிய காரணம்.

உயரம் பற்றி ஒரு வரி: 45 டிகிரி வீச்சில் 5 மீட்டர் மேட்டில் நின்றால் கிடைப்பது ஏறத்தாழ 5 மீட்டர் கூடுதல், அவ்வளவுதான். பாறை ஏறி விழுந்து கையை உடைத்துக்கொள்ளும் அளவுக்கு அதில் லாபம் இல்லை.

கீழக்கரை கைத்தூண்டில்
ராடு இல்லாமல் கையால் சுழற்றி எறிபவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா? இங்கே பெரும்பாலும் அதுதான்.

மண்டபம் இயற்பியல்
பொருந்தும், எளிதாகவே. தோளிலிருந்து ஈயம் வரை 1.2 மீட்டர் ஆரம், நொடிக்கு மூன்று சுற்று என்றால் வேகம் 22.6 மீட்டர், தூரம் 50 மீட்டரை ஒட்டி. சுற்று வேகத்தை அப்படியே வைத்து ஆரத்தை 1.5 ஆக்கினால் வேகம் 28. ஆனால் கையில் இழுவை கூடும்: முதல் கணக்கில் 100 கிராமுக்கு நான்கேகால் கிலோ இழுவை, 200 கிராம் ஈயத்துக்கு எட்டரை கிலோ. நரம்பைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு சுழற்றவே கூடாது.

நரம்பு தரையில் சுருளாகக் கிடந்தால் சுருள் மேல்பக்கமிருந்து பிரிய வேண்டும், காலில் சிக்கக் கூடாது. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு வைப்பது நல்லது.

முகுந்தராயர்சத்திரம்
கிழங்கான் மீனுக்கு வீசுகிறவர்கள் தூரத்தைத் தேடி அலைய வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அலை உடையும் இடத்துக்கு உட்பக்கமே மேயும். 80 மீட்டர் வீசி அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தூரம் வேண்டியது பாறை மீனுக்கும் விளமீனுக்கும், அதுவும் பள்ளம் தள்ளியிருக்கும் கரையில்.

பாம்பன் ரீல்
அடி நரம்பை நான் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன், விரிவாக எழுதாவிட்டால் தப்பு. 0.28 தங்கூஸ் தாங்குவது 6 கிலோ அளவில். வெட்டி வீசும் நொடியில் 100 கிராம் ஈயத்தின் இழுவை அதைத் தாண்டும், நரம்பு அறும். அறுந்த ஈயத்துக்குப் பின்னால் நரம்பே இல்லை, அது தம்பியின் 80 மீட்டரைத் தாண்டிப் போகும், எந்தத் திசையிலும் போகும். 30 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் 45 ஜூல். மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்துக்குச் சமம், ஆனால் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில். அரிச்சல்முனையில் சுற்றுலா வருகிறவர்கள் கரை நெடுகிலும் நிற்பார்கள்.

அதனால் ஒவ்வொரு 25 கிராம் ஈயத்துக்கும் 4 கிலோ தாங்கும் அடி நரம்பு. 100 கிராமுக்கு 16 கிலோ, 0.60 தங்கூஸ் போதும். நீளம்: வீசத் தயாராகும்போது ஸ்பூலில் ஐந்தாறு சுற்று அடி நரம்பு கிடக்க வேண்டும், 3.6 மீட்டர் ராடுக்கு 8 மீட்டர் வரை வரும். இரண்டு நரம்பும் சேரும் முடிச்சு ஸ்பூலின் அடிப்பக்கம் இருக்கட்டும், விரலுக்கு நேரே வந்தால் கிழிக்கும். வால் நுனியை ஒட்ட வெட்டுங்கள். பத்து வீச்சுக்கு ஒருமுறை கடைசி ஒரு மீட்டரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டவும். பின்னால் 10 மீட்டர், இரு பக்கமும் 20 மீட்டர் ஆள் இல்லை என்று பார்த்த பிறகுதான் வீச்சு.

அரிச்சல்முனை
0.28-உம் அடி நரம்பும் வாங்குகிறேன். பாட்டில் வடிவ ஈயம் கடையில் கிடைக்கவில்லை. பழைய உருண்டைகளை உருக்கி வார்க்கலாமா?

தொண்டிக்கரை
வார்க்கலாம். ஈயம் 327 டிகிரியில உருகும், விறகடுப்பே போதும். ஆனா அச்சுல ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. ஈரத்துல உருகின ஈயம் பட்டா ஈரம் சட்டுன்னு ஆவியாகி ஈயம் முகத்துல தெறிக்கும். கடல்மணல் அச்சு வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்து வச்சிருக்கும். ரெண்டு துண்டா வெட்டின அலுமினிய அச்சை முதல்ல அடுப்புப் பக்கத்துல வச்சு நல்லா சூடேத்துங்க. வெளியில, காத்து உங்களுக்குப் பின்னாடியிருந்து வர்ற மாதிரி நின்னு செய்யுங்க, வீட்டுக்குள்ள கூடாது. சோறாக்குற பாத்திரத்துல உருக்கக் கூடாது. பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க. சின்ன ஈயத்தைப் பல்லால கடிச்சு நரம்புல இறுக்குற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க, இடுக்கி வச்சு இறுக்குங்க.

மேல் கண்ணிக்கு ரெண்டு மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை யு மாதிரி வளைச்சு, கால் ரெண்டையும் உள்ளுக்குள்ள விரிச்சு விட்டு வாருங்க. நேரா விட்டா வீசுற வேகத்துல கம்பி கையோட நிக்கும், ஈயம் தனியா போயிடும். ஆறினதும் தராசுல வச்சு 100-க்கு வந்திருக்கான்னு பாருங்க. கூடியிருந்தா ஈயத்தோட முன்பக்கத்துல சுரண்டாதீங்க, வால் பக்கம் அரத்தால ராவுங்க. கனம் முன்னாடியே இருக்கட்டும்.